கடைசி ஸ்டேஷன்

போடிநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள், "இதுதான் கடைசி ஸ்டேஷனா?" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எதிரே நிற்கிற மலையே பதில் சொல்லிவிடும். மதுரையில் கிளம்பிய வண்டி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று சுமார் 90 கிலோ மீட்டர் ஓடி வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் நின்றுவிடுகிறது. மேலே போக வேண்டுமானால் பஸ்ஸோ ஜீப்போ பிடித்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏற வேண்டும். அதற்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்கள் நிறைந்த இடுக்கி மாவட்டம். அந்த மாவட்டம் முழுவதிலும் தேடினாலும் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது!

இந்தக் கடைசி ஸ்டேஷனை வைத்துக்கொண்டு இந்த வாரம் உங்களோடு ஒரு கணக்குப் பேசலாம் என்று எண்ணம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். வாசலில் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கணக்குத்தான்.

உலகத்தில் மனிதர்களுக்கு எத்தனையோ விதமான பித்து. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறார்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள், ஸ்டேஷன் சேர்க்கிறவர்கள். ஓர் ஊரின் மெட்ரோ ரயிலில் உள்ள அத்தனை ஸ்டேஷன்களையும், ஒன்று விடாமல், யார் மிகக் குறைந்த நேரத்தில் தொட்டு வருவது என்று இவர்களுக்குள் போட்டி. இதற்குக் கின்னஸ் புத்தகத்தில் இடம்கூட உண்டு. லண்டனில் 1959-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவரும் ஜேன் பார்விக் என்ற பெண்மணியும் சேர்ந்து, சுரங்க ரயில் ஸ்டேஷன்கள் அத்தனையையும் 18 மணி 35 நிமிஷத்தில் சுற்றி முடித்திருக்கிறார்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கிறோம் என்று யாரும் நமக்குப் பரிசு கொடுப்பதில்லை, அது கிடக்கட்டும்.

இந்த ஆட்டத்துக்கு விதிகள் உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நீங்கள் ஏறி வந்த ரயில் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் கணக்கில் சேராது. ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்றுக்கு ஓடலாம், நடக்கலாம், எல்லோரும் ஏறுகிற பஸ்ஸில் போகலாம். டாக்ஸி கூடாது, சொந்தக் காரும் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும், சாட்சிகளும் வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் ரயில் கொண்டுபோய் விடுகிறது என்று தோன்றும். கஷ்டம் எங்கே என்று கோலத்தைக் கேட்டால் சொல்லும்.

சிக்குக் கோலம் போடுகிறபோது, ஒரு புள்ளியைச் சுற்றித் தொடங்கிய இழை, கை எடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் வளைத்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். போட்ட இழையின் மேலேயே மறுபடி போட வேண்டிய அவசியம் வராது. எங்கும் வால் இல்லாததால்தான் அப்படி. அதே கோலத்திலிருந்து ஓர் இழையை வெளியே நீட்டி அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது கை எடுக்காமல் போட முடியுமா? முடியும், அந்த வால் நுனியில் தொடங்க வேண்டும், அல்லது அதில் முடிக்க வேண்டும். மூன்று வால் நீட்டிவிட்டால்? ஒன்றில் தொடங்கலாம், ஒன்றில் முடிக்கலாம். மூன்றாவது வாலில் போன வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். ஆய்லர் என்ற கணித மேதை 1736-ல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை ஆராய்ந்து இதற்கு விதி சொன்னார். நம் வீட்டுப் பாட்டிமார்கள் கோலப்பொடியால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரயில் பாதையில் வால் என்பது கடைசி ஸ்டேஷன். ஒவ்வொரு கடைசி ஸ்டேஷனுக்கும் போகவும் வேண்டும், வெறுங்கையோடு திரும்பவும் வேண்டும். திரும்பி வருகிற வழியில் புது ஸ்டேஷன் ஒன்றும் கிடைக்காது. நேரம் மட்டும் ஓடும். ஆகவே இந்தப் போட்டிக்காரர்கள் மாதக் கணக்கில் கால அட்டவணையைக் கரைத்துக் குடித்து, எந்த வாலில் தொடங்குவது, எந்த வாலில் முடிப்பது, எந்த வாலிலிருந்து அடுத்த பாதைக்குக் குறுக்கே ஓடுவது என்று திட்டம் போடுகிறார்கள்.

இப்படிப் பாடுபட்டுத் திட்டம் போட்டு முடித்த பிறகு, ரயில்வேக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? புதிதாக ஒரு ஸ்டேஷன் திறந்துவிடுகிறார்கள்!

லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகிற ரயில் ஒரு வளையமாகச் சுற்றிவந்தது. போட்டிக்காரர்களுக்கு வெகு சௌகரியம். போன வழியே திரும்ப வேண்டாம். 2008 மார்ச்சில் அங்கே ஐந்தாம் முனையத்துக்கு ஒரு ஸ்டேஷன் திறந்தார்கள். அழகான வளையத்துக்கு ஒரு வால் முளைத்தது. சில வண்டிகள் வளையத்தில் போகும். சில வண்டிகள் வாலில் போகும். இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

நியூயார்க்கில் மாத்யூ ஆன் என்பவர் 2015 ஜனவரியில் 468 ஸ்டேஷன்களையும் 22 மணி நேரத்துக்குள் முடித்துப் பெயர் வாங்கினார். அதே வருஷம் செப்டம்பரில் ஏழாம் நம்பர் பாதையின் கடைசியில் ஹட்சன் யார்ட்ஸ் என்ற ஸ்டேஷன் திறந்தது. 469! மனிதர் சளைக்கவில்லை. 2016-ல் மறுபடி கிளம்பி 21 மணி 28 நிமிஷத்தில் முடித்தார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவி உட்கார்ந்தாரோ இல்லையோ, 2017 ஜனவரி முதல் தேதி இரண்டாவது அவென்யூவில் மூன்று ஸ்டேஷன்களைத் திறந்துவிட்டார்கள். 472!

லண்டனில் 2015-ல் இரண்டு பேர் 270 ஸ்டேஷன்களை 15 மணி 45 நிமிஷத்தில் முடித்தார்கள். 2021 செப்டம்பரில் வடக்குப் பாதை எனப்படும் நார்தர்ன் லைனின் ஒரு கிளை பாட்டர்சீ வரை நீண்டு, இரண்டு ஸ்டேஷன்கள் கூடின. 270 ஸ்டேஷன் கொண்ட லண்டன் அத்தோடு போயிற்று. அவர்களுடைய நேரத்தை அதே வழியில் போய் முறியடிக்க இனி ஒருவராலும் ஆகாது. அந்த வழியே இப்போது இல்லை.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஷஷாங்க் மனு என்பவர் 2021 ஏப்ரல் 14-ஆம் தேதி அதிகாலையில் டெல்லி மெட்ரோவில் ஏறி, 286 ஸ்டேஷன்களை 15 மணி 22 நிமிஷத்தில் சுற்றினார். கின்னஸ் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது 2023-ல். அந்த வருஷம் செப்டம்பரிலேயே விமான நிலையப் பாதை துவாரகா 21-ஆம் செக்டாரைத் தாண்டி 25-ஆம் செக்டாருக்கு நீட்டப்பட்டது. 21-ஆம் செக்டாரில் இரண்டு பாதைகள் சந்தித்தன. ஒன்றில் வந்து மற்றொன்றில் போய்விடலாம். 25-ஆம் செக்டாரில் அந்தச் சௌகரியம் இல்லை. போன வழியே திரும்பு!

கவனித்தீர்களா? ஹீத்ரோ, ஹட்சன் யார்ட்ஸ், பாட்டர்சீ, துவாரகா, எல்லாம் வாலில் முளைத்தவை. பெரும்பாலும் ரயில் பாதை கொடி மாதிரி, நுனியில்தான் வளரும். போட்டிக்காரரின் சாதனையும் அந்த நுனியில்தான் போய்விடுகிறது.

சென்னையில் இருக்கிற சகோதரிகள் இதை வீட்டில் உட்கார்ந்தபடியே பரீட்சித்துப் பார்க்கலாம். மெட்ரோவின் முதல் கட்டத்தில் நீலப் பாதை, பச்சைப் பாதை என்று இரண்டு. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. ஆகவே நடுவில் ஒரு வளையம். ஆலந்தூரிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்று ஸ்டேஷன் நீளத்தில் ஒரு வால். பரங்கிமலைக்கு ஒரு ஸ்டேஷன் நீளத்தில் ஒரு வால். சென்ட்ரலிலிருந்து வடக்கே ஒரு வால். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்குப் போவதை ஒரு தாவல் என்று வைத்துக்கொள்வோம்.

2019 பிப்ரவரியில் வடக்கு வால் வண்ணாரப்பேட்டையோடு முடிந்தது; மூன்று தாவல். அப்போது மொத்தம் 32 ஸ்டேஷன். முதல் வழி: விமான நிலையத்தில் தொடங்கி நீலப் பாதையில் வண்ணாரப்பேட்டை வரை போய், சென்ட்ரலுக்குத் திரும்பி, பச்சைப் பாதையில் பரங்கிமலையில் முடிப்பது. 35 தாவல். இரண்டாவது வழி: வண்ணாரப்பேட்டையில் தொடங்கி, சென்ட்ரலில் பச்சைக்கு மாறி, பரங்கிமலையைத் தொட்டு, ஆலந்தூருக்குத் திரும்பி, விமான நிலையம் போய், அங்கிருந்து நீலப் பாதையில் அரசினர் தோட்டம் வரை வந்து முடிப்பது. இதுவும் 35 தாவல்தான். இரண்டு வழியும் சமம். எது சௌகரியமோ அதில் போகலாம்.

2021 பிப்ரவரியில் பாதை விம்கோ நகருக்கு நீண்டது. 2022 மார்ச்சில் விம்கோ நகர் பணிமனை ஸ்டேஷனும் திறந்தது. வடக்கு வால் 12 தாவல் ஆயிற்று. மொத்தம் 41 ஸ்டேஷன். இப்போது அதே இரண்டு வழிகளையும் எண்ணிப் பாருங்கள். விமான நிலையத்தில் தொடங்கினால் 53 தாவல். விம்கோ நகரில் தொடங்கினால் 44! கூடியது ஒன்பதே ஸ்டேஷன். ஆனால் ஒரு வழி அடியோடு வீணாகிவிட்டது. பழைய வழியை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் பாவம். இரண்டாம் கட்டத்தில் மூன்று புதிய பாதைகள், சுமார் 119 கிலோ மீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டவை. அவை சேரச் சேர இந்தக் கணக்கையும் அழித்துவிட்டு வேறு போட வேண்டியதுதான். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுக்கு வேலை ஆயிற்று!

சரி, இனி போடிக்கு வருவோம். தமிழ்நாட்டு ரயில்வே ஸ்டேஷன் எல்லாவற்றையும் தொட்டுவிடுகிறேன் என்று ஓர் ஆசாமி கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பிரித்ததும் அவர் கண்ணில் உறுத்துகிறது இந்த நீண்ட வால். மதுரையிலிருந்து போக 90, வர 90. ஆக 180 கிலோ மீட்டர். அதற்குக் கிடைக்கிற ஸ்டேஷன்களோ விரல் விட்டு எண்ணக் கூடியவை. கெட்டிக்காரராக இருந்தால் போடியில் இறங்கிப் பஸ் பிடித்து, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய் மெயின் லைனைப் பிடிப்பார். மலைப் பக்கம் ஏறினால் மூணாறு வரும், ரயில் வராது.

அந்த மலையில் டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒரு காலத்தில் அது ஸ்டேஷனாகத்தான் இருந்தது. மூணாறுத் தேயிலையைக் கொண்டுவர 1902-ல் குண்டளா பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924-ஆம் வருஷப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலை உச்சியில் தங்கிவிட்டது. நூறு வருஷமாக ரயில் வராத ஸ்டேஷன்!

கீழே போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அதன் ஜாதகத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. நாட்டின் பல கிளைப் பாதைகளைப் போல இதன் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பர் முடிவில், அகலப் பாதையாக மாற்ற வேண்டும் என்று மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனி வரை ரயில் வந்தது. மிச்சம் 15 கிலோ மீட்டர். போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15-ஆம் தேதி. ஏறக்குறைய 12½ வருஷம்! ரயில் நின்றபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, ரயில் திரும்பி வந்தபோது பிளஸ் டூ முடித்துவிட்டது. சொந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் நிற்பதைப் பார்த்த ஞாபகம் அதற்கு இருந்தால் ஆச்சரியம்.

போட்டிக்காரருக்கு வால் நீண்டால் சில நிமிஷம் நஷ்டம், குறைந்தால் லாபம். 2011 முதல் 2022 வரை அவருடைய கணக்கில் இந்த வால் இல்லவே இல்லை. அவர் மதுரையிலிருந்து நேரே போய்க்கொண்டிருப்பார். ஆனால் அந்த லாபத்தை யார் கொடுத்தார்கள்? மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போன மகள் கொடுத்தாள். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்த பெண் கொடுத்தாள். ஆடிக்கும் தீபாவளிக்கும் மூட்டை முடிச்சுகளோடு பஸ் மாறி மாறி வந்த குடும்பங்கள் கொடுத்தன.

சிக்கனக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் வால் கண்ணை உறுத்தும். போர்க்காலத்தில் இரும்பு வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது கிளைப் பாதையில். வேலை நடக்கும்போது கடைசியாக வந்து சேர்வதும் வால் நுனிக்கு. போகவும் வரவும் இரட்டைச் செலவு, நடுவில் ஏறுகிறவர்கள் குறைவு என்று காகிதத்தில் காட்டிவிடலாம். காகிதக் கணக்கு தப்பும் இல்லை.

ஆனால் நம் வீட்டில் நாம் அப்படிக் கணக்குப் பார்க்கிறோமா? நான்கு பெண்களைக் கட்டிக் கொடுத்த தாய், மூன்று பேர் ஒரே தெருவில் இருக்கிறார்கள், ஒரே நடையில் பார்த்துவிடலாம். நாலாமவள் மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாளா? தூரத்தில் இருக்கிறவளுக்குத்தான் முதலில் முறுக்குச் சுட்டு டப்பாவில் அடைப்பாள். தாயின் கணக்கில் அவள் வாலும் இல்லை, நுனியும் இல்லை.

போடியில் நின்று பார்த்தால் ரயில் பாதையும் அப்படித்தான். மதுரைக்காரருக்கு அது கடைசி ஸ்டேஷன். போடிக்காரருக்கு முதல் ஸ்டேஷன். ஏறும்போது உட்கார இடம் கிடைக்கிற ஸ்டேஷன்! போடி வரை பாதை திறந்த அன்றே சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் ஓடும் எக்ஸ்பிரஸும் கிளம்பியது. இரவில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் சென்னை என்றால், அந்த ஊர்ப் பெண் கல்லூரியில் இடம் தேடுகிறபோது அவள் தகப்பனார் இன்னும் கொஞ்சம் தைரியமாகத் தலையாட்டுவார்.

போடிக்கும் அப்பால் இருக்கிறவர்களையும் நினைக்க வேண்டும். விடிவதற்கு முன்பே இந்த மலையடிவார ஊர்களிலிருந்து பெண்கள் சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, வளைவு வளைவாக ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தரையோடு தரையாகப் படரும் கொத்தில் இருக்கும். நாளெல்லாம் குனிந்தும் உட்கார்ந்தும் பறிக்க வேண்டும். காய் பழுக்கப் பழுக்கப் பல முறை அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும். மாலையில் போன வழியே இறங்கி வருகிறார்கள். தினமும் வால் நுனிக்குப் போய்த் திரும்புகிற பயணம்; நேரம் குறிக்க ஆளும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. அவர்கள் பறித்த காய் உலர்ந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இருக்கும் இதே போடிக்கு வந்து, விலை பேசப்பட்டு, உங்கள் வீட்டுப் பாயசத்தில் விழுகிறது.

திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம், தேனி, கம்பம் வழியாக ஒரு ரயில் பாதை வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் பழைய கோரிக்கை. அது வந்தால் மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். மதுரை வழியாக வந்து திண்டுக்கல் வழியாகப் போகலாம். போட்டிக்காரர் கையில் இருக்கிற திட்டத்தைக் கிழித்துவிட்டு மறுபடி பென்சிலைத் தீட்ட வேண்டும்தான். தீட்டட்டுமே! பென்சில் விலை அப்படி ஒன்றும் ஏறிவிடவில்லை.

உங்கள் ஊரிலும் பாதை நீண்டு புது ஸ்டேஷன் திறந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமையே குழந்தைகளை அழைத்துக்கொண்டு நுனி வரை போய் வாருங்கள். அவசரப்பட வேண்டாம். கடைசி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்து, எதிரே இருக்கிற கடையில் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு, "இங்கே ரயில் வருவதற்கு முன்னால் எப்படிப் போய் வந்தீர்கள்?" என்று கடைக்கார அம்மாளைக் கேட்டுப் பாருங்கள். போடியாக இருந்தால் திரும்பும்போது ஏலக்காயும் வாங்கிக்கொள்ளுங்கள்.